இங்க எனக்கு ஒரு சோலியும் இல்ல

எழுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவிக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அந்தக் கணவர் தன் கடமைகளை எல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு நேர்காணலுக்குப் போயிருந்தார். அதுதான் காரணம்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோருக்கு விசா ஏற்பாடு செய்யும் வேலையில் நீங்கள் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். நான் அதே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். படிவம் நிரப்புவது, நாள் பதிவது, புகைப்படத்தின் அளவு, இதெல்லாம் உங்களுக்குச் சீக்கிரமே கைவந்துவிடும். எனவே அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இந்த ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

காளவாசல் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. உசிலம்பட்டி, எழுமலை ஆட்கள் ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டுக்கேட்டு வந்து சேருவார்கள். தங்கமாயனும் வீரம்மாளும் அப்படித்தான் வந்தார்கள். அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கிணற்றுப் பாசனத் தோட்டம், அவரே சம்பாதித்து வாங்கியது. இரண்டு மகன்கள் ஊரிலேயே இருந்தார்கள். கடைசியாகப் பிறந்த மகள் நாகஜோதி இங்கே பொறியியல் படித்து, வேலைக்குப் போய், திருமணமாகி, கணவனோடு டெக்சாஸில் இருந்தாள். பெற்றோரை அழைத்தது அவள்தான். எங்களைத் தேடிப் பிடித்து, பேசி, ஏற்பாடு செய்ததும் அவள்தான்.

முதல் நாள் தங்கமாயன் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. அங்கே எவ்வளவு நாள் இருக்கலாம் என்று கேட்டார். பொதுவாக ஆறு மாதம் வரை அனுமதிப்பார்கள் என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்புட்டு நாள் தோட்டத்த யாரு பாக்குறது? ஒரு மாசம்னா போயிட்டு வாரேன்" என்றார். வீரம்மாள், "தோட்டத்தக் கட்டிக்கிட்டு இங்கயே கெடங்க, நான் போறேன்" என்றார். அந்தப் பேச்சை அன்று தூதரக அதிகாரி கேட்டிருந்தால் இருவருக்கும் அப்போதே விசா கொடுத்திருப்பார் என்பது என் ஊகம்.

நேர்காணலுக்கு நாள் கிடைக்க நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று எங்களுக்குத் தெரியும்: நாகஜோதி கருவுற்றாள். தலைப்பிரசவம். இங்கே வந்து பெற்றுக்கொள்ள அவள் உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. மருத்துவர் பயணம் கூடாது என்றுவிட்டார். கணவனின் தாய் உயிரோடு இல்லை. ஆகவே, பார்த்துவிட்டு வருவதற்காகத் திட்டமிட்ட பயணம், தாய் கட்டாயம் போய்ச் சேர வேண்டிய பயணமாக மாறியது.

இன்னொன்று எங்களுக்குத் தெரியாது. தங்கமாயன் தோட்டத்தை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகப் பிரித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் காசிக்குப் போகிற வயதானவர்கள், போவதற்கு முன் சொத்தைப் பிரித்து வைத்துவிட்டுப் போவது உண்டு. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அமெரிக்கா காசியைவிடத் தூரம். மகன்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் சரியென்று பட்டது. சம்பாதித்தது அவர் என்பதால் யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. மகளுக்குப் பங்கு வைக்கவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை.

கவனியுங்கள், இதில் எவரும் தந்திரம் செய்யவில்லை. அவர் அளவில் அது ஒரு தகப்பன் செய்ய வேண்டியது. மகளைப் படிக்க வைத்தாயிற்று, நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, நிலம் ஆண்பிள்ளைகளுக்கு. அந்த ஊரில் பத்து வீட்டில் கேட்டால் ஒன்பது வீட்டில் இதையே சொல்வார்கள்.

நேர்காணல் சென்னையில். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போனார்கள். முடித்துவிட்டு அடுத்த நாள் காலை ஊருக்குப் போகாமல் பையோடு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். பாஸ்போர்ட் அவர்கள் கையிலேயே இருந்தது. விசா கொடுத்திருந்தால் பாஸ்போர்ட்டைத் தூதரகம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தை நடத்தியவர் ஒரு அம்மையார். நாங்கள் மேடம் என்போம். மறுக்கப்பட்டு வருகிறவர்களிடம் ஏன் என்று கேட்பதற்கு முன் சாப்பிட வைக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. வெறும் வயிற்றோடு இருக்கிறவன் நடந்ததைச் சொல்ல மாட்டான், புலம்புவான் என்பார். கீழே இருந்த கடையில் இட்லி சாப்பிட வைத்துவிட்டுத்தான் மேலே அழைத்து வந்தோம். பிறகு இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் நாளிதழில் நிருபராக இருந்தவன் நான். ஒரே சம்பவத்தைச் சேர்ந்து சொல்கிற இருவர் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதிலேயே குறியாக இருப்பார்கள் என்று அங்கே பார்த்திருக்கிறேன்.

தங்கமாயன் சொன்னது:

"என்ன வேல பாக்குறீகன்னு கேட்டாரு. வெவசாயம்னேன். இப்பவும் பாக்குறீகளான்னாரு. இல்லங்கய்யா, தோட்டத்தப் பயலுக ரெண்டு பேருக்கும் பிரிச்சு எழுதிக் குடுத்துட்டேன், கடமையெல்லாம் முடிஞ்சிருச்சு, இங்க எனக்கு ஒரு சோலியும் இல்ல, மக எம்புட்டு நாள் இருக்கச் சொல்லுதோ அம்புட்டு நாள் இருப்பேன்னேன். நல்லாத்தான சார் சொன்னேன்?"

வீரம்மாள் சொன்னது இன்னும் சுருக்கம். "இவரு சோலியில்லன்னு சொன்னதும் அந்தாளு டைப் அடிக்கிறத நிப்பாட்டிட்டாரு தம்பி. அதுக்குப் பெறகு என்னைய ஒண்ணுமே கேக்கல."

உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வகை விசாவில், வருகிறவர் அங்கேயே தங்கிவிடுவார் என்று எண்ணித்தான் அதிகாரி பேச்சைத் தொடங்குகிறார். திரும்பி வருவதற்கு இங்கே ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். எழுமலையில் ஒரு மனிதன் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளக்கூடிய சொற்கள், அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் சொல்லக்கூடாத சொற்களாக இருந்தன. தங்கமாயன் பொய் சொல்லவில்லை, தடுமாறவில்லை, பயப்படவும் இல்லை. பெருமையாகச் சொன்னார். அதிகாரி மீதும் குறை சொல்ல முடியாது. அவர் காதில் விழுந்ததை வைத்து அவர் முடிவெடுத்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கைப்பேசி அடித்தது. நாகஜோதி. அவளுக்கு அங்கே இரவு நேரம். மறுக்கப்பட்டது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவைக் கேட்டால் சரியாகப் பதில் சொல்லவில்லை, அம்மாவிடம் போனைக் கொடுக்கவும் இல்லை என்றாள். எதற்காக மறுத்தார்கள் என்று நிதானமாகத்தான் கேட்டாள். ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, என் பேச்சு அவளுக்குக் கேட்காதபடி ஒலியை அடைத்துப் போனை மேஜையில் வைத்தேன்.

எதிரில் இருந்த தங்கமாயன் கையை ஆட்டினார். "வேணாம் சார். தோட்டத்து வெவகாரம் அதுக்குத் தெரியாது. பேப்பர் சரியில்லைன்னு சொல்லிருங்க. உங்க மேல தப்புன்னு சொன்னாலும் அது கோவிச்சுக்காது."

நீங்கள் இந்த நிலையில் ஒரு நாள் நிற்பீர்கள், அதனால் அப்போது என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். நேர்மை பற்றியெல்லாம் நான் யோசிக்கவில்லை. பழியை நாங்கள் ஏற்றுக்கொள்வதில் பெரிய நஷ்டமும் இல்லை; இந்தத் தொழிலில் அது நடப்பதுதான். ஆனால் பேப்பர் சரியில்லை என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? பேப்பரைச் சரிசெய்யச் சொல்வாள். அதே இருவரை, அதே நிலத்தைக் காட்டி, மறுபடி அனுப்பச் சொல்வாள். அவர் சொன்ன பதில் ஏற்கெனவே அங்கே பதிவாகியிருந்தது. இரண்டாவது தடவையும் மறுப்பார்கள். அதற்குள் பிரசவம் முடிந்திருக்கும். அந்தப் பெண் யாருமில்லாமல் பிள்ளை பெறுவாள். எந்தக் காரணத்தைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி இருக்கிறது. தவறான காரணத்தைக் கொடுத்தால் தவறான இடத்தைப் பழுதுபார்ப்பார்கள்.

அப்படியென்றால் நானே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். நான் வேலையில் சேர்ந்த புதிதிலேயே மேடம் ஒன்று சொல்லியிருந்தார்: "குடும்பத்துக்குள்ள சேதி கொண்டுபோற வேலைய மட்டும் வாங்கிக்காதீங்க. ஒரு தடவை வாங்கிக்கிட்டீங்கன்னா அப்புறம் அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசவே மாட்டாங்க. எல்லாத்துக்கும் உங்களுக்குத்தான் போன் வரும்." அன்று அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நான் தங்கமாயனிடம், வேறு காரணம் சொல்ல மாட்டேன், நிலத்தைப் பற்றியும் நான் சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அவர் மேஜையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குடுங்க தம்பி. நான் சொல்றேன்" என்று வீரம்மாள் கையை நீட்டினார்.

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்துதான் இங்க வந்து நிக்கிது."

அவர் மனைவியை முறைத்துவிட்டு, போனைத் தானே எடுத்துக்கொண்டார். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் வாய்க்கு நேராகப் பிடித்தார். நான் ஒலியைத் திறந்துவிட்டேன். ஒலிபெருக்கியில் இருந்ததால் அறை முழுவதும் கேட்டது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

"ஏத்தா, ஜோதி. தோட்டத்த ஒங்க அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்துட்டேன். அத அங்கன சொல்லிப்புட்டேன். அதான் தரமாட்டேன்னுட்டாக."

தொடர்பு போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"எப்ப எழுதுனீங்க?" என்றாள்.

"ஆவணியில."

"எந்த நாளு?"

சொன்னார். அவள் அந்தத் தேதியைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அன்னைக்கு எனக்குப் போன் பண்ணுனீங்கப்பா. பதிவு ஆபீசு பக்கத்துல நிக்கிறேன், ஒரு சோலியா வந்தேன்னு சொன்னீங்க. கிணத்துல தண்ணி ஊறிருச்சுன்னு சொன்னீங்க. அரை மணி நேரம் பேசுனோம்" என்றாள்.

நிலத்தில் எனக்குப் பங்கு இல்லையா என்று அவள் கேட்கவில்லை. அழவும் இல்லை. சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேட்டாள். பழக்கத்தில் வந்த கேள்வியாக இருக்கலாம். பிறகு என்னை அழைத்தாள்.

"சார், அம்மாவுக்கு மட்டும் திரும்பப் போடுங்க. அம்மா மட்டும் வரட்டும்."

தங்கமாயன் போனை மேஜையில் வைத்தார். நான் அதை எடுத்துப் பேசி முடித்தேன்.

இப்போது தொழில் விஷயம். அவர்கள் போன பிறகு, எங்கள் அலுவலகத்தில் இருந்த கெட்டிக்கார இளைஞர் ஒருவர் வழி சொன்னார். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, மாற்றவில்லை. அதைக் காட்டி இருவரையும் மறுபடி அனுப்பலாம், முன்பு சொன்னது பதற்றத்தில் சொன்னது என்று சொல்லச் சொல்லலாம் என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்ட ஒருவரை, அதைப் பொய்யென்று சொல்லச் சொல்வது அந்த வழி. தங்கமாயனுக்கு அது வரவே வராது. வந்தாலும், கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும்.

மகள் கோபத்தில் சொன்னதுதான் உண்மையில் சரியான வழியாக இருந்தது. தாய் மட்டும் போனால், கணவர் இங்கே இருக்கிறார். திரும்பி வருவதற்கு அதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. இது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றாததற்குக் காரணம், அந்தப் பக்கத்துப் பெண்ணைத் தனியே கடல் தாண்டி அனுப்புவதை நாங்களும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வீரம்மாள் அதுவரை சென்னைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை.

மகன்கள் இருவரும் ஒரு நாள் வந்தார்கள். அம்மாவைத் தனியாக அனுப்புவதா என்றார்கள். அப்பா போகாவிட்டால் யாரும் போக வேண்டாம் என்று பெரிய மகன் சொன்னார். வீரம்மாள் அவர்களோடுதான் வந்திருந்தார். "தோட்டம் எழுதும்போது என்னையக் கேட்டீகளாடா? இப்ப நான் போறதுக்கு ஒங்களக் கேக்கணுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு மகன்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தினமும் காலையில் இணையத்தில் பார்த்து, யாரோ ரத்து செய்த ஒரு நேர்காணல் நாளை எங்கள் கெட்டிக்கார இளைஞரே பிடித்துக் கொடுத்தார். முன்பு மறுக்கப்பட்டதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதினோம். அடுத்த கேள்வி, வீரம்மாளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்பது.

இங்கே வேறொருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பசுமலைப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எங்களிடம் வந்தார். கேள்வி பதில் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தார். ஜன்னலுக்கு முன்னால் அதிகாரி, எங்கிருந்து வருகிறீர்கள், பயணம் எப்படி இருந்தது என்று சும்மா கேட்டிருக்கிறார். இவர் மகனின் சம்பளம், வீட்டு முகவரி, திரும்பும் மாதம் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டார். விசா கிடைக்கவில்லை. வந்து என்னிடம், "அவன் போர்ஷன்ல இல்லாத கேள்வியைக் கேட்டுட்டான் சார்" என்று குறைப்பட்டார். சொல்லிக் கொடுத்த பதில் ஒருவருக்கு ஊன்றுகோலாகாது. அவர் தானாக நடப்பதையும் நிறுத்திவிடும்.

ஆகவே வீரம்மாளுக்குப் பதில் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேடம் மட்டும் அவரை அழைத்து, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். "மக பிள்ள பெறப் போறா" என்றார். யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள் என்று மேடம் அனுப்பிவிட்டார். வேறு சில அலுவலகங்களில், பிரசவம் என்று வாயைத் திறக்காதீர்கள், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள் என்பார்கள். எழுமலையிலிருந்து வரும் ஒரு தாயிடம் அங்கே எந்தெந்த ஊரைப் பார்ப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

சென்னைக்குச் சின்ன மகன் கூடப் போனார், தூதரக வாசல் வரை. உள்ளே வீரம்மாள் தனியாகத்தான் போனார். நடந்ததை அவர் பிறகு சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

போன தடவை கணவரோடு வந்தீர்களே, இப்போது அவர் எங்கே என்று அதிகாரி கேட்டார். வீட்டில் இருக்கிறார் என்றார் இவர். அவர்தான் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டாரே, இப்போது உங்கள் பெயரில் இங்கே என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி.

"அவருக்கு இப்பத்தான் நெலமில்ல. எனக்கு எப்பயுமே கெடையாதுங்கய்யா. அதுக்காக நான் எங்கயும் ஓடிப் போகல."

மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டதாக வீரம்மாள் சொன்னார். பிறகு, எதற்காகத் திரும்பி வருவீர்கள் என்று நேராகவே கேட்டார்கள். "பிள்ளைக்குத் தல நின்னதும் வந்துருவேன். இவரு ஒத்தையில கெடப்பாருல்ல" என்றாராம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எந்தப் பதிலுக்காக விசா கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. வெளியே நின்றுகொண்டு தெரியும் என்று சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வீரம்மாள் பிரசவத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பெண் குழந்தை. அனுமதித்த காலம் முடியும் முன்பே திரும்பியும் வந்தார். வந்த பிறகு ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து எங்களுக்கு ஒரு டப்பா சாக்லெட் கொடுத்தார். மேடம் கேட்டதற்கு, அங்கே என்ன நடந்தது என்று கொஞ்சம் சொன்னார். தினமும் அவர் கணவரோடு வீடியோவில் பேசியிருக்கிறார். மகள் அதே அறையில் இருப்பாள், ஆனால் திரைக்கு முன்னால் வரமாட்டாள். தங்கமாயனும் மகளைக் கூப்பிடச் சொல்ல மாட்டார். பிள்ளையைக் காட்டு என்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். ஒரு நாள் வீரம்மாள் அடுப்படியில் இருந்தபோது அவருடைய போன் அடித்திருக்கிறது. மகள் எடுத்தாள். பேசவில்லை. பிள்ளையைத் தூக்கி, போனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நான் வந்து பாக்குறேன், அவரும் பேசல, அவளும் பேசல. ரெண்டும் ஒரே பிடிவாதம். பிள்ளதான் என்னத்தையோ பேசிக்கிட்டு இருந்துச்சு" என்றார் வீரம்மாள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து நாகஜோதி என்னை அழைத்தாள். அப்பாவுக்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். அம்மா சொன்னபடி திரும்பி வந்துவிட்டதால் இந்த முறை கொடுப்பார்களா என்று கேட்டாள். வாய்ப்பு முன்பைவிட அதிகம், உறுதி சொல்ல முடியாது என்றேன். அப்பாவிடம் பேசிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்ல சார். நீங்க கூப்புட்டு, நான் போடச் சொன்னேன்னு சொல்லிருங்களேன்."

எளிய வேலை. ஒரு போன். சொன்னால் அவர் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார், எங்களுக்கும் ஒரு வேலை நடக்கும். நான் மாட்டேன் என்றேன். அவர் அன்றைக்கு உங்களிடம் தன் வாயால்தான் சொன்னார், அதற்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன், நீங்களும் உங்கள் வாயால்தான் சொல்ல வேண்டும் என்றேன். நான் அவ்வளவு பேசியிருக்க வேண்டியதில்லை. யோசிக்கிறேன் சார் என்று வைத்துவிட்டாள். வேறு அலுவலகத்துக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். மேடமிடம் சொன்னேன். போனால் போகட்டும் என்றார்.

தங்கமாயனுக்கு விசா கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைத்தது. பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு அங்கே இருந்தார். தோட்டத்தை மகன்கள் திருப்பிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அவர் விண்ணப்பத்துக்காக வந்த காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நாங்கள் கதவைத் திறக்கும்போது மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். அந்த முதல் மறுப்புக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருந்தது. விண்ணப்பம் தொடங்கும்போதும், நேர்காணலுக்குப் புறப்படும் முன்பும், எல்லோரிடமும் அதைக் கேட்போம்: நாம் கடைசியாகப் பேசிய பிறகு வீட்டில் என்ன மாறியிருக்கிறது? சொத்து, வேலை, சாவு, கல்யாணம், எதுவாக இருந்தாலும். நீங்களும் கேளுங்கள். அவரிடமும் கேட்டேன்.

"ஒண்ணும் மாறல சார். நெலம் பயலுக பேர்லதான் இருக்கு" என்றார். பிறகு, ஏதோ விட்டுப்போனது போல என்னைப் பார்த்தார். "ஜோதி போன் பண்ணிப் பேசிருச்சு. அத எழுதணுமா?"

எழுத வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள் என்றேன்.